நாலு பேர் பேசும் வண்டியில் ஓட்டுநர் குரலை மட்டும் பிடிப்பது எப்படி? நீலகிரி மலைப்பாதைக்கான முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையம் வரை ஒழுங்காக வேலை செய்த வாய்ஸ் கமாண்ட், கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கியதும் உளற ஆரம்பிக்கும். ஊட்டி, குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் இது வழக்கமான புகார். கார் செட் (டாஷ்போர்டு ஸ்டீரியோ) பழுது என்று நினைத்து மாற்றுகிறார்கள். புதுச் செட்டும் அதையே செய்கிறது. கோளாறு பெரும்பாலும் செட்டில் இருப்பதில்லை. மைக் இருக்கும் இடம், ப்ளோவர் காற்று, பின்சீட்டுப் பேச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது.

குரலைக் கேட்கும் எந்தக் கருவியும் மூன்று விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும். என்னைத்தான் கூப்பிட்டார்களா? பேச்சு எங்கே முடிந்தது? என்ன சொன்னார்கள்? எல்லோரும் மூன்றாவதைப் பற்றியே கவலைப்படுகிறோம். ஆள் நிறைந்த வண்டியில் முதலில் கெட்டுப்போவது இரண்டாவது. "கோத்தகிரிக்கு வழி காட்டு" என்று சொல்லிவிட்டு நீங்கள் நிறுத்துகிறீர்கள். அரை வினாடியோ ஒரு வினாடியோ அமைதி கிடைத்தால்தான் கருவி "முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து "டீ குடிச்சிட்டுப் போலாமா?" என்று ஒரு குரல் வந்தால், அதுவும் உங்கள் கட்டளையோடு ஒட்டிக்கொள்ளும். செட் சொற்களைச் சரியாகவே கேட்டிருக்கிறது. யார் சொன்னது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு சிக்கலைக் குறைப்பதற்கானவை. வரிசையை மாற்றாதீர்கள். மைக்கைச் சரிசெய்யாமல் மொழி செட்டிங்ஸில் கை வைத்தால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

படி 1: எந்த மைக் கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு வண்டிக்குள் மூன்று, நான்கு மைக்குகள் இருக்கலாம்: கம்பெனி பொருத்தியது (பெரும்பாலும் உள் விளக்குக்கு அருகில்), ஆண்ட்ராய்டு செட்டின் முகப்பில் உள்ள ஊசித்துளை, கடைக்காரர் தனியாக இழுத்துவிட்ட ஒயர் மைக், உங்கள் போன். வாய்ஸ் பட்டனை அழுத்திவிட்டு ஒவ்வொரு மைக் துளையையும் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது திரையில் ஒலி அலை துள்ளுகிறதோ, அதுதான் வேலை செய்யும் மைக். ஆண்ட்ராய்டு செட்டாக இருந்தால் சவுண்ட் ரெக்கார்டர் ஆப்பில் பதிவு செய்து கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இணைப்பு முறையைப் பொறுத்தும் மைக் மாறும். போனின் ஆப்களைச் செட் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இரண்டிலும் வண்டியின் மைக்தான் கேட்கும். வெறும் புளூடூத்தில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், "ஹே கூகுள்" என்பதற்குக் காதைத் தீட்டி வைத்திருப்பது பெரும்பாலும் போனின் சொந்த மைக்தான். போனைக் கப் ஹோல்டருக்குள் போட்டுவிட்டு "கேட்க மாட்டேங்குது" என்று சொல்வதில் நியாயமில்லை.

புளூடூத் அழைப்பு வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய முறையில் குரல் வினாடிக்கு 8,000 மாதிரிகளாக (சாம்பிள்) மட்டுமே எடுக்கப்படும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எதுவும் மிஞ்சாது. ஸ, ஷ போன்ற உரசல் ஒலிகளின் வலு அங்கேதான் இருக்கிறது. 2011இல் வந்த, புளூடூத் அழைப்புக்கான ஹேண்ட்ஸ்ஃப்ரீ 1.6 பதிப்பு இதை 16,000 மாதிரிகளாக்கியது. செட்டின் விவரக் குறிப்பில் 1.6 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கட்டளைக் குரல் இந்த வழியில் போகாது, போன் அழைப்பு மட்டும் போகும். அதனால்தான் சில வண்டிகளில் கட்டளை சுத்தமாகப் பிடிக்கும், போன் பேசினால் மட்டும் குரல் அமுங்கியிருக்கும்.

சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் அதன் மைக்கை மறந்துவிடுங்கள். கியர் லீவருக்குப் பக்கத்தில், வாயிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும் மைக்கிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது.

படி 2: கை வைக்கும் முன் ஒரு மதிப்பெண்

பத்துக் கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஊர்ப் பெயர் நான்கு, ஆள் பெயர் மூன்று, செட் வேலை மூன்று இருக்கட்டும். உதாரணத்துக்கு: "குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டு", "சத்தத்தைக் குறை", "அடுத்த பாட்டு". இதே பத்தையும் ஐந்து நிலைகளில் சொல்லிப் பாருங்கள்.

வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, நீங்கள் தனியாக.
எஞ்சின் ஓட, ப்ளோவர் மூன்றில்.
அதோடு பின்சீட்டில் இருவர் பேச.
அதோடு பாட்டும் ஓட.
கடைசியாக, 40 கி.மீ. வேகத்தில் நேரான சாலையில். அப்போது குறிப்பெடுப்பது முன்சீட்டுக்காரர் வேலை.

முதல் நிலையிலேயே பத்துக்கு எட்டுக்குக் கீழே என்றால் கோளாறு மைக்கிலோ மொழியிலோ இருக்கிறது, பயணிகளிடம் இல்லை. இரண்டாவதில் சரிந்தால் காற்றும் எஞ்சினும் காரணம். மூன்றாவதில்தான் சரிகிறது என்றால் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி உங்களுக்கானது. நான்காவதில் என்றால் எதிரொலி நீக்கத்தில் சிக்கல் (படி 6). நிற்கும் வண்டியில் செய்ய வேண்டிய சோதனைகளை வளைவோரம் நிறுத்திச் செய்யாதீர்கள். சமதளமான பார்க்கிங் போதும்.

படி 3: மைக்கின் இடம்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதில்தான் பலன் அதிகம். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும். கம்பெனி மைக் கண்ணாடிக்கு மேலே நடுவில் இருந்தால் உங்கள் வாய்க்கும் முன்சீட்டுக்காரர் வாய்க்கும் ஒரே தூரம், சுமார் 60 செ.மீ. ஆக இருவர் குரலும் சம பலத்தில் விழும். அந்த மைக்கிடம் "என்னை மட்டும் கேள்" என்றால் எப்படிக் கேட்கும்? மைக்கை உங்கள் வாயிலிருந்து 40 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் முன்சீட்டுக்காரர் 80 செ.மீ. தள்ளிப் போகிறார், அதிலேயே 6 டெசிபெல் லாபம். பின்சீட்டு 130 செ.மீ. என்றால் 10 டெசிபெல். இரண்டாயிரம் ரூபாய் மைக் வாங்கி நடுவில் மாட்டுவதைவிட, இருநூறு ரூபாய் மைக்கைச் சரியான இடத்தில் மாட்டுவது மேல்.

மலையில் பொருத்த ஏற்ற இடம் ஓட்டுநர் பக்க சன் வைசரின் பின் விளிம்பை ஒட்டிய ரூஃப் லைனிங். கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டக் கூடாது. காரணம் பனிமூட்டம். குன்னூருக்கு மேலே போனாலே கண்ணாடியில் ஆவி படியும், டீஃபாகரைப் போடுவீர்கள். அந்தக் காற்று கண்ணாடி வழியாக மேலேறி நேராகக் கூரை விளிம்பில் மோதும். கோயம்புத்தூரில் பொருத்தி, அங்கேயே சோதித்துக் கொடுத்த மைக் ஊட்டியில் "புஸ்ஸ்" என்று இரைவது இதனால்தான். வைசருக்குப் பின்னால் தள்ளினால் காற்று அதன் மேல் நேராக விழாது. மேலே ஒரு ஸ்பாஞ்ச் மூடியும் போடுங்கள். ஸ்பாஞ்ச் காற்று மோதலைத்தான் தடுக்கும், எஞ்சின் சத்தத்தைத் தடுக்காது.

ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டு) மூடியின் மேல் பொருத்துவது அடுத்த தேர்வு. வாய்க்கு நேர் எதிரே இருக்கும், காற்று படாது. ஆனால் ஸ்டியரிங்கின் அதிர்வும் இண்டிகேட்டர் சொடுக்கும் ஏறும். அடியில் 3 மி.மீ. ரப்பர் வையுங்கள்.

ஒயர் இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

முன் பில்லரில் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) ஏர்பேக் முத்திரை இருந்தால், ஒயர் ஏர்பேக்குக்கு முன்னால் வரவே கூடாது. கம்பெனி ஒயர் கட்டு போகும் வழியிலேயே, பின்புறமாகக் கட்டி இழுக்க வேண்டும். அது தெரியாத கடையில் பில்லரைக் கழற்ற விடாதீர்கள். காலம் மூடி இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திசை மைக் வாங்கினால் அதன் முதுகிலும் துளைகள் இருக்கும். இரட்டைப் பக்க டேப்பால் முதுகை அப்பி ஒட்டினால் அந்தத் துளைகள் அடைந்து, எல்லாப் பக்கமும் கேட்கும் சாதாரண மைக்காகிவிடும். கிளிப்பில் மாட்டி, முதுகுக்குச் சில மி.மீ. இடைவெளி விடுங்கள்.

செட்டின் 3.5 மி.மீ. மைக் ஜாக்கில் போன் ஹெட்செட் மைக்கைச் செருகினால் வேலை செய்யாது. ஹெட்செட் பின்னில் நான்கு தொடுபகுதிகள். செட் எதிர்பார்ப்பது மோனோ பின். செட்டோடு வரும் மைக், அல்லது "கார் ஸ்டீரியோ மைக்" என்று கேட்டு வாங்கியது மட்டும் போதும். செருகிய பிறகும் முகப்பு மைக்கே கேட்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள்; சில செட்டுகளில் வெளி மைக்கை செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 4: கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு)

பதிவு செய்து பாருங்கள். சாதாரணக் குரலில் பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். பின்சீட்டில் யாராவது வெடித்துச் சிரித்தாலும் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படக் கூடாது. "கேட்கவில்லை" என்று கெயினைக் கூட்டுவது பலரும் செய்வது. கூட்டினால் உங்கள் குரலோடு எல்லோர் குரலும் ஏறுமே தவிர வித்தியாசம் மாறாது.

தானியங்கி கெயின் இருந்தால் அணையுங்கள். நீங்கள் பேசி நிறுத்தியதும் அது "சத்தம் குறைந்துவிட்டது" என்று நினைத்துத் தானே உயர்த்தும். பின்சீட்டின் முணுமுணுப்பு உங்கள் குரல் அளவுக்கு எழும்பும். முடிவைக் கண்டுபிடிக்க வேண்டிய அந்த ஒரு வினாடியிலேயே இது நடக்கும். ஆண்ட்ராய்டு செட்டுகளில் மைக் கெயின் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும் ஃபேக்டரி செட்டிங்ஸுக்குள் இருக்கும். உள்ளே போகும்முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வரியில் இருக்கும் வண்டி மாடல் தேர்வைத் தெரியாமல் மாற்றினால் ஸ்டியரிங் பட்டன்கள் எல்லாம் செத்துவிடும்.

படி 5: எஞ்சின், காற்று, ஜன்னல்

செகண்ட் கியரில் 3,000 ஆர்பிஎம்மில் ஏறும் நான்கு சிலிண்டர் எஞ்சினின் முதன்மை அதிர்வு 100 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டரில் 75. ஆண் குரலின் அடித்தளமும் அதே பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் சொற்களைப் பிரித்தறியத் தேவையானதில் பெரும்பகுதி 300 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஆகவே செட்டில் மைக்குக்கு ஹை பாஸ் வசதி (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வடிகட்டுவது) இருந்தால் 150 முதல் 200 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கியர் மாற்றி எஞ்சின் அடங்கிய நேரத்தில் பேசுவதுதான் வழி.

டீஃபாகரை நான்கில் வைத்து இரைய விடுவதைவிட, ஏசியைப் போட்டு ப்ளோவரை இரண்டில் வையுங்கள். வெளிக்காற்று உள்ளே வரும்படி விடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சுவதால் கண்ணாடி சீக்கிரம் தெளியும், சத்தமும் குறையும். ஊட்டிக் குளிரில் ஏசியா என்று யோசிக்க வேண்டாம். வெப்பத்தைச் சூடான பக்கம் திருப்பி வைத்தாலும் ஏசி தன் உலர்த்தும் வேலையைச் செய்யும். இன்னோவா மாதிரி கூரையில் ஏசி துவாரம் உள்ள வண்டிகளில், இரண்டாம் வரிசைக் காற்று முன்பக்க மைக்கை நோக்கி வராமல் திருப்புங்கள்.

ஜன்னல் திறந்திருக்கும்போது மலைச்சுவரில் பட்டுத் திரும்பும் பஸ் சத்தம் அப்படியே உள்ளே வரும். கட்டளை சொல்லும் நேரத்துக்கு ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும்.

படி 6: பாட்டும் வழிகாட்டிக் குரலும்

செட் தான் வாசிக்கும் பாட்டைத் தானே கழித்துக்கொள்ளும். இதைத்தான் எதிரொலி நீக்கம் என்கிறோம். அது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள். பாட்டு அந்தச் செட்டிலிருந்தே வர வேண்டும். ஸ்பீக்கர் அதைச் சிதைக்காமல் வாசிக்க வேண்டும். சத்தத்தை உச்சத்தில் வைத்து ஸ்பீக்கர் பிளிறினாலோ கதவு ட்ரிம் கடகடத்தாலோ, அந்தச் சத்தம் மூலப் பாட்டில் இல்லாதது. கழிக்க முடியாது. எழுபது சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கதவில் கடகடப்பு இருந்தால் ட்ரிம் கிளிப்புகளை மாற்றுங்கள்.

பின்சீட்டுக் குழந்தை போனில் பார்க்கும் ரீல்ஸ் செட்டுக்குத் தெரியாது. அதுவும் ஒரு பயணியின் பேச்சாகவே போய்ச் சேரும். மேப் குரல் போன் ஸ்பீக்கரிலும் பாட்டு செட்டிலும் வருகிற ஏற்பாடும் இதே வம்புதான். இரண்டையும் செட்டுக்கே அனுப்புங்கள்.

இரைச்சலில் எல்லோரும் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இலேயே இதை எழுதிவைத்தார். பாட்டு சத்தமானால் பின்சீட்டுக்காரர்கள் கத்துவார்கள், நீங்களும் கத்துவீர்கள். கத்தும்போது சுருதியும் உயிரெழுத்தின் நீளமும் மாறி, செட் இன்னும் குழம்பும். பாட்டை இரண்டு புள்ளி குறைத்தாலே வண்டி முழுவதும் அடங்கும்.

படி 7: பயணிகள்

பல குரல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் மனிதக் காது எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வியை காலின் செர்ரி 1953இல் எழுப்பினார். நமக்கு இரண்டு காதும், பேசுபவரின் முகமும், பேச்சின் பொருளும் துணையாக இருக்கின்றன. ஒற்றை மைக் உள்ள செட்டுக்கு இவை எதுவும் இல்லை. கலந்துபோன குரல்களை ஒற்றை மைக்கிலிருந்து பிரிக்கும் மென்பொருள்கள் உண்டு. சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கார் செட்டை நம்பி அதை எதிர்பார்க்க வேண்டாம். எனவே ஒற்றை மைக் வண்டியில் வேலையைப் பழக்கத்தால் முடிக்க வேண்டும்.

"ஹே" என்று கூப்பிடுவதை அணைத்துவிட்டு ஸ்டியரிங் பட்டனுக்கு மாறுங்கள். ஐந்து பேர் வண்டியில் ஐந்து போன். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் பையிலிருந்து பதில் வரும். பட்டனில் முதல் கேள்வி, அதாவது "என்னைத்தான் கூப்பிட்டார்களா" என்பது, தீர்ந்தே போகிறது. பட்டன் இல்லாத வண்டியில் வாய்ஸ் மேட்சை (உங்கள் குரலை அடையாளம் காணும் பதிவு) அழித்துவிட்டு மறுபடி பயிற்சி கொடுங்கள். வீட்டுக்குள் அல்ல, வண்டியில் உட்கார்ந்து, எஞ்சின் ஓடும்போது.

செட் கேட்கத் தொடங்கும்போது வரும் "டிங்" சத்தத்தை அணைக்காதீர்கள். எல்லா ஸ்பீக்கரிலும் அது கேட்டால் பேசுபவர்கள் தானாக ஒரு நொடி நிறுத்துவார்கள். மற்ற எந்த செட்டிங்கும் இந்த அளவுக்கு உதவாது. சுற்றுலாப் பயணிகளிடம் ஏறும்போதே "டிங் கேட்டா ரெண்டு செகண்ட் மட்டும் அமைதியா இருங்க சார்" என்று சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை.

டிங் கேட்ட ஒரு நொடிக்குள் தொடங்குங்கள். ஐந்தாறு சொல்லுக்குள் முடியுங்கள். நடுவில் "அது வந்து..." என்று இழுக்காதீர்கள். அந்த இழுவை செட்டுக்கு முடிவாகவோ, பின்சீட்டுக்கு வாய்ப்பாகவோ ஆகிவிடும்.

வளைவில் பேசாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் தலை திரும்பும். குரல் பக்கக் கண்ணாடியில் பட்டு வேறு திசையிலிருந்து மைக்குக்கு வரும். கூடவே ஹாரன் அடிப்பீர்கள். கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் இறங்கும்போது வாய்ஸ் கமாண்டே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அங்கே காதுக்கும் கைக்கும் வேறு வேலை இருக்கிறது. வழி மாற்ற வேண்டுமென்றால் முன்சீட்டுக்காரர் தட்டிக்கொள்ளட்டும். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184இன்படி குற்றம்.

படி 8: பல மைக் உள்ள வண்டிகள்

புதிய வண்டிகள் சிலவற்றில் இரண்டு அல்லது நான்கு மண்டலங்கள் உண்டு. மைக்குகளுக்கு ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து எந்த சீட் பேசியது என்று அவை கணிக்கும். மைக்குகளுக்கு இடையே 4 செ.மீ. என்றால் அதிகபட்ச வித்தியாசம் 0.12 மில்லி வினாடிதான்; அந்த நுணுக்கத்தில் நடக்கும் வேலை இது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்க, இடப்பக்க சீட்டிலிருந்து "எனக்குக் குளிர்கிறது" என்று வண்டி புரிந்துகொள்ளும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பக்க வெப்பம் மட்டும் மாறினால் மண்டலம் இருக்கிறது.

இந்த அமைப்புக்கும் பலவீனம் உண்டு. ஒரே திசையில் ஒருவர் பின் ஒருவராக இருக்கும் இருவரைப் பிரிப்பதுதான் அதற்குக் கடினம். ஆகவே ஓட்டுநருக்கு நேர் பின்னால் அமர்பவர் வாயாடியாக இருந்தால், அவரை இடப்பக்கம் மாற்றி உட்கார வையுங்கள். செலவில்லாத அப்டேட் இது.

எந்த சீட்டுக்கு எந்த அதிகாரம் என்பதையும் செட்டிங்ஸில் பாருங்கள். வழிகாட்டல், போன் இரண்டையும் ஓட்டுநருக்கு மட்டும் வையுங்கள். ஜன்னல், சன்ரூஃப் கட்டளைகளைப் பின்சீட்டுக்கு அணைத்துவிடுங்கள். பர்லியார் பக்கம் நின்றிருக்கும்போது ஒரு குழந்தை "சன்ரூஃப் திற" என்று சொன்னால், அடுத்து உள்ளே வருவது குரங்காக இருக்கும். முதுமலைக்குள் தெப்பக்காடு சாலையில் போகும்போது இது விளையாட்டே இல்லை.

படி 9: மொழியும் ஊர்ப் பெயரும்

தமிழ், இந்திய ஆங்கிலம் இரண்டிலும் அதே பத்துக் கட்டளைகளைச் சோதித்து, அதிக மதிப்பெண் வந்ததை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வண்டிக்குள் தமிழோடு படுகு, மலையாளம், கன்னடம் எல்லாம் கலந்து ஓடும். பின்சீட்டில் வேறு மொழி பேசினால் செட் அதைத் தானாக ஒதுக்கிவிடும் என்று நினைக்காதீர்கள். தனக்குத் தெரிந்த மொழிச் சொற்களாக அதைத் திணித்து எழுதும்.

ஊர்ப் பெயர்களில் நீலகிரிக்கு விசேஷமான தொல்லை இருக்கிறது. "கூடலூர்" என்றால் தேனி மாவட்டத்துக் கூடலூரும் வரும். கொஞ்சம் நழுவினால் கடலூர். "குன்னூர்" இரைச்சலில் கண்ணூராகும். "கோடநாடு" எர்ணாகுளம் மாவட்டத்திலும் இருக்கிறது. "டால்பின் நோஸ்" குன்னூரிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு, விசாகப்பட்டினத்திலும் உண்டு. "அப்பர் பவானி"யில் முதல் சொல் விழுங்கப்பட்டால் வண்டி ஈரோடு மாவட்டத்துக்குக் கிளம்பும். பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "நீலகிரி கூடலூர்", "குன்னூர் டால்பின் நோஸ்", "கோத்தகிரி கோடநாடு". அடிக்கடி போகும் இடங்களை மேப்பில் சேமித்துத் தனிப் பெயர் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஆள் பெயரிலும் இதே கதை. தமிழில் கேட்கும் செட் "ராஜா" என்று எழுதும்; உங்கள் கான்டாக்ட்டில் அது ஆங்கில எழுத்தில் இருந்தால் சில நேரம் பொருந்தாது. கான்டாக்ட்டில் புனைபெயர் பகுதியில் தமிழ் எழுத்தில் ஒருமுறை சேருங்கள். நான்கு ராஜா இருந்தால் "ராஜா காட்டேரி", "ராஜா எமரால்டு" என்று ஊரோடு எழுதுங்கள்.

படி 10: சிக்னல்

மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். குரலை இணையத்துக்கு அனுப்பிப் புரிந்துகொள்ளும் செட், சிக்னல் இல்லாதபோது நீண்ட நேரம் சுற்றிவிட்டு "புரியவில்லை" என்றே சொல்லும். அதைக் காது கேளாமை என்று எண்ணி மைக்கை மாற்றுபவர்கள் உண்டு. ஆஃப்லைன் மொழிக் கோப்பு உங்கள் மொழிக்குக் கிடைத்தால் வைஃபையில் இறக்கி வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மசினகுடி, கூடலூர், மஞ்சூர் வரை அடங்கும்படி ஆஃப்லைன் மேப்பையும் இறக்குங்கள். போக வேண்டிய இடங்களை மலை ஏறும் முன்பே வரிசையாகப் போட்டுவிட்டால் நடுவில் பேச வேண்டிய தேவையே பாதியாகும்.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு

சீட்டுக்கு ஒரு மைக் வைத்து ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் செய்து பார்க்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்குச் சில அளவுகள். நான்கு மைக்கும் ஒரே ஒலி அட்டையில் சேர வேண்டும். நான்கு தனித்தனி யுஎஸ்பி மைக்குகள் ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் ஓடும்; பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு நிமிடத்தில் 3 மில்லி வினாடி விலகிவிடும், நேர வித்தியாசத்தைக் கணக்கிடவே முடியாது. 16,000 மாதிரி, 16 பிட் போதும். பின்சீட்டு மைக்குகளை மேல் கைப்பிடிக்கு அருகில் வையுங்கள். ஒரு சீட்டின் ஒலி மற்ற மூன்றையும்விட 6 டெசிபெல் கூடுதலாக இருந்தால் அந்த சீட் பேசுகிறது என்று கொள்ளுங்கள். சீட் மாறியதாக முடிவெடுக்க 300 மில்லி வினாடி பொறுங்கள், இல்லாவிட்டால் ஒரு இருமலுக்கே தாவும். பேச்சு முடிந்ததா என்பதை அந்த சீட்டின் மைக்கை மட்டும் வைத்துத் தீர்மானியுங்கள். பிறர் பேசிக்கொண்டே இருந்தாலும் கட்டளை முடிவது இதனால்தான். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் வெளியிட்ட ஏஐ மாடல்களும், 2022இல் வந்த ஓபன்ஏஐயின் விஸ்பர் மாடலும் தொடங்கப் போதுமானவை. விஸ்பர் 30 வினாடித் துண்டுகளாகக் கேட்கும். வெறும் இரைச்சலைக் கொடுத்தால் இல்லாத வாக்கியத்தைத் தானே எழுதிவிடும். எனவே பேச்சு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். பயணிகள் பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் அழியுங்கள்.

அறிகுறியும் காரணமும்

கட்டளைக்குப் பின்னால் வேறு பேச்சு ஒட்டி வந்தால்: தானியங்கி கெயின் அல்லது தூர மைக். படி 3, 4.

முதல் சொல் மட்டும் காணாமல் போனால்: டிங் முடியும் முன்பே பேசுகிறீர்கள். "அப்பர் பவானி" பவானியாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பனிமூட்டத்தில் மட்டும் கெட்டால்: ப்ளோவர் காற்று மைக்கில் படுகிறது.

எதிர்முனையில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்டால்: எதிரொலி நீக்கம் தோற்கிறது. சத்தத்தைக் குறையுங்கள், ஸ்பீக்கர் ஒயர் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் "ங்ஙீ" ஒலி பதிவில் கேட்டால்: மைக் ஒயர் மின்சார ஒயரோடு ஒட்டி ஓடுகிறது, அல்லது எர்த் சரியில்லை. ஒயரைப் பிரித்து வேறு பக்கமாக இழுங்கள். மின் ஒயரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென்று கெட்டால்: செட்டில் அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள். வெளி மைக் தேர்வும் மொழியும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்; எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்து மறுபடி போட்டுவிட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.